கூபேயா, கன்வெர்ட்டிபிளா? கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய சொகுசு வண்டி வாங்குமுன்

பத்து வயதைத் தாண்டிய ஆடி டிடி, மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., ஆடி ஏ3 கேப்ரியோலே மூன்றும் பெங்களூருவில் இன்று ஒரு புது எஸ்.யூ.வி.யின் விலைக்குக் கிடைக்கின்றன. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள்: என்ஜின் எப்படி? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? இந்த ரக வண்டியில் இரண்டுமே பின்னால் வர வேண்டியவை. என்ஜினும் கியர்பாக்ஸும் அதே கம்பெனியின் செடான்களிலும் இருப்பவை. அவற்றைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் உண்டு, உதிரி பாகமும் வரும். கூரை, கதவுக் கண்ணாடி, பின் கண்ணாடி, ரப்பர் பீடிங், டிக்கி மூடி ஆகியவை அந்த மாடலுக்கு மட்டுமே உரியவை. நாட்டில் ஓடுவதே கொஞ்சம் வண்டிகள் என்பதால் பழைய பாகம் விற்கும் கடையிலும் தேறாது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், வாரக்கணக்கில் வண்டி நிற்கும். அதனால் பாடியையும் கூரையையும் பார்த்துத் தேர்வு செய்யுங்கள். என்ஜின் கோளாறை விலையில் கழித்துக்கொள்ளலாம், கோணிப்போன கூரையைக் கழித்துக்கொள்ள முடியாது.

மூன்றில் டிடி மட்டும் கூரை திறக்காத கூபே, மற்ற இரண்டும் கூரையைத் திறந்து ஓட்டும் கன்வெர்ட்டிபிள். பேசுவது இரண்டாம் தலைமுறையை, அதாவது 2006 முதல் 2014 வரை வந்த 8ஜே வகையை. பிந்தைய வண்டிகளில் 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 211 குதிரைத்திறன், ஆறு கியர் எஸ்-டிரானிக் (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்), நான்கு சக்கரமும் இழுக்கும் குவாட்ரோ. முந்தையவற்றில் 3.2 லிட்டர் வி6, 250 குதிரைத்திறன். பின்சீட் பள்ளிக்கூடப் பையனுக்கே இடிக்கும், ஆனால் அதை மடித்தால் டிக்கி 290 லிட்டரிலிருந்து 700 லிட்டராகும்.

எஸ்.எல்.கே.யில் இரண்டே சீட், மடிந்து டிக்கிக்குள் போகும் உலோகக் கூரை. இங்கே எடுத்துக்கொள்வது 2011-ல் இந்தியாவுக்கு வந்த ஆர்172 வகை எஸ்.எல்.கே. 350. டர்போ இல்லாத 3.5 லிட்டர் வி6, 306 குதிரைத்திறன், ஏழு கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். கூரை மூடியிருந்தால் டிக்கி 335 லிட்டர், மடித்தால் 225.

ஏ3 கேப்ரியோலே 2014 டிசம்பரில் 44.75 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையில் அறிமுகமானது. 1.8 லிட்டர் டர்போ, 180 குதிரைத்திறன், ஏழு கியர் எஸ்-டிரானிக், முன்சக்கர இழுவை. துணிக் கூரை 18 வினாடியில் திறக்கும், 50 கி.மீ. வேகம் வரை ஓடிக்கொண்டே திறக்கலாம். பின்னால் இரண்டு பேர் நிஜமாகவே உட்காரலாம்.

பி.எம்.டபிள்யூ. இசட்4 ஏன் இல்லை என்று கேட்பார்கள். 35ஐ வகையின் இரட்டை டர்போ என்ஜின் ஓட்டுவதற்கு இந்த மூன்றையும் மிஞ்சும், சந்தேகமில்லை. ஆனால் ஹை பிரஷர் ஃபியூயல் பம்ப், இன்ஜெக்டர், டர்போ வேஸ்ட்கேட்டின் கலகலச் சத்தம், எலக்ட்ரிக் வாட்டர் பம்ப், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். நல்ல ஒர்க்‌ஷாப் பக்கத்துத் தெருவில் இருப்பவர் வாங்கட்டும். காவேரிப்பட்டணத்தில் இருப்பவருக்கு அது பொருந்தாது.

என்ஜினும் கியர்பாக்ஸும்

டிடி 2.0-ல் முதலில் பார்க்க வேண்டியது, வால்வுகளை இயக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். பழைய வடிவமைப்பில் டென்ஷனரின் பிடிப்புப் பல் விட்டுக்கொடுத்துவிடும். என்ஜின் நின்றதும் ஆயில் பிரஷர் இறங்க, செயின் தளரும். அடுத்த ஸ்டார்ட்டில் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்புறம் ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. முழுதும் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து கேளுங்கள். இரண்டு மூன்று வினாடி கலகலவென்று சத்தம் வந்தால் டென்ஷனர் தேய்ந்திருக்கிறது. சத்தம் இல்லை என்பதால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். கீழ் டைமிங் கவரில் பிளக் போட்ட ஒரு சிறு துளை இருக்கிறது. பிளக்கை எடுத்து டார்ச் அடித்தால் உள்ளே இருப்பது பழைய டென்ஷனரா, திருத்திய வகையா என்று தெரியும். ஸ்கோடா லாரா, சூப்பர்ப் 1.8 டி.எஸ்.ஐ. வண்டிகளில் இதே குடும்ப என்ஜின்தான். அவற்றைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குக்கு இது ஐந்து நிமிட வேலை. செயின் செட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

அதே என்ஜினின் இன்னொரு குணம் ஆயில் குடிப்பது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை சாதாரணம் என்பது கம்பெனியின் கணக்கு. அதற்கு மேல் போனால் பிஸ்டன் ரிங் வரை போக வேண்டியிருக்கும். விற்பவர் வண்டியை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டித் தரமாட்டார். சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பாருங்கள். உலர்ந்த கரி வந்தால் பரவாயில்லை, பிசுக்குள்ள கரி வந்தால் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால் இன்டேக் வால்வின் முதுகில் கரி படியும், வால்நட் ஓட்டுத் தூளை ஊதித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஆறு கியர் எஸ்-டிரானிக்கின் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியது. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியிருந்தால் நீண்ட நாள் உழைக்கும். பின் ஆக்சிலை இணைக்கும் ஹால்டெக்ஸ் யூனிட்டின் எண்ணெயைப் பெரும்பாலும் யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். 3.2 வி6 வண்டியில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் வேலை என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலி அங்கேதான் ஏறும்.

மூன்றில் நம்பிக்கையான என்ஜின்-கியர்பாக்ஸ் இணை எஸ்.எல்.கே. 350-ல் இருப்பதுதான். டர்போ இல்லை, உலர் கிளட்ச் இல்லை. குளிர் ஸ்டார்ட்டில் செயின் டென்ஷனர் சில வினாடி உரசும் சத்தம் இந்த வி6-க்கும் உண்டு, அது தெரிந்த வியாதி, தீர்வும் தெரிந்ததே. கியர்பாக்ஸில் எண்ணெயும் ஃபில்டரும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிய பில் வேண்டும். கியர் ஒரே இடத்தில் பூட்டிக்கொண்டு மேலே போகாத கதையை முந்தைய ஓனர் சொன்னால், உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் கண்டக்டர் பிளேட்டைச் சந்தேகியுங்கள். இ-கிளாஸ் பார்க்கும் பெங்களூரு ஒர்க்‌ஷாப்புகளுக்கு இதெல்லாம் அன்றாடம்.

விலை குறைவாக இருக்கிறதே என்று முந்தைய ஆர்171 எஸ்.எல்.கே. 350-க்குப் போகிறவர்கள் என்ஜின் நம்பரைப் பார்க்காமல் கை நீட்டக் கூடாது. அதில் இருப்பது எம்272. கடைசி எட்டு இலக்கம் 30 468993 வரை உள்ள என்ஜின்களில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் கேம் டைமிங் பிசகி செக் என்ஜின் விளக்கு எரியும், சரிசெய்ய என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். அந்த வேலை முடிந்ததற்கான பில் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

ஏ3-யின் 1.8 என்ஜினை ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ. பார்க்கும் எவரும் பார்ப்பார். தெர்மோஸ்டாட் ஹவுசிங் பிளாஸ்டிக், வெடித்துக் கூலன்ட் கசியும். என்ஜின் பக்கவாட்டில் இளஞ்சிவப்பாகக் காய்ந்த படிவு இருக்கிறதா என்று பாருங்கள். அசல் தலைவலி கியர்பாக்ஸ். டி.கியூ.200 என்ற இந்த ஏழு கியர் பெட்டியில் இருப்பது உலர் கிளட்ச். ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசிச் சூடாகும். கியரை மாற்றிவிடும் மெக்கட்ரானிக் யூனிட்டும் இதில் பலவீனம், அது போனால் கியரே விழாது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வருகிறவர் இதைத் தொடவே வேண்டாம். தர்மபுரியிலிருந்து வாரம் ஒருமுறை ஹைவேயில் ஏறுகிறவருக்கு அதே கியர்பாக்ஸ் தொந்தரவில்லாமல் ஓடும்.

கூரை

திறக்கும் கூரையுள்ள வண்டியைப் பார்க்கப் போகும்போது அவசரம் கூடாது. ஒருமுறை திறந்து மூடிக் காட்டிவிட்டு, “பார்த்தீர்களா, பக்கா” என்பார்கள். குறைந்தது மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். முதல் முறை வண்டி ஆறியிருக்கும்போது, மற்ற இரண்டும் ஓட்டிவிட்டு வந்த சூட்டில். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஹைட்ராலிக் பம்ப் நிறைய கரன்ட் இழுக்கும், சோர்ந்த பேட்டரியில் பாதியில் நின்றுவிடும், அதை வைத்துக் கூரை கெட்டது என்றும் சொல்ல முடியாது, நல்லது என்றும் சொல்ல முடியாது.

எஸ்.எல்.கே.யில் டிக்கிக்குள் ஒரு தடுப்புத் திரை இருக்கிறது. அதை இழுத்து மாட்டினால்தான் கூரை அசையும். மாட்டியும் அசையாமல், “சென்சார் மட்டும்தான் சார்” என்ற பதில் வந்தால் அந்த சென்சாரை அவரே மாற்றிவிட்டுக் கூப்பிடட்டும். கூரை நகரும்போது பம்பின் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஒரு கணம் தயங்கி வெட்டிக்கொண்டு போனால் மைக்ரோ சுவிட்ச், சிலிண்டர், எண்ணெய்க் குறைவு இவற்றில் ஒன்று. டிக்கியின் பக்கவாட்டு விரிப்பை விலக்கிக் கையால் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டரின் சீல் இறுகிக் கசிகிறது. கசிந்த எண்ணெயை ஈடுகட்ட யாராவது பிரேக் ஆயில் ஊற்றியிருந்தால் மற்ற சீல்களும் வரிசையாக ஊதும். கம்பெனி குறிப்பிட்ட ஹைட்ராலிக் எண்ணெய் மட்டும்தான் அதில் போக வேண்டும். டிக்கிக் கீலுக்கு அருகே ஆயிரம் முறை வளைந்து நிமிர்ந்த வயர்க்கட்டு இருக்கும், அதன் உறை வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வயர் அறுந்தால் கூரை பாதியில் நிற்கும்.

பின்னால் இடி வாங்கிய உலோகக் கூரை வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். டிக்கி மூடி சாமான் வைக்க ஒரு பக்கமும் கூரை போக எதிர்ப் பக்கமும் திறக்கும். டிங்கரிங்கில் இரண்டு மூன்று மி.மீ. பிசகினால்கூட எங்காவது உரசும், அல்லது மழை உள்ளே வரும். கூரைக்கும் முன் கண்ணாடித் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளி இடம் வலம் ஒன்றாக இருக்கிறதா என்று கண்மட்டத்தில் குனிந்து பாருங்கள்.

துணிக் கூரை இயந்திரம் எளிது, துணிதான் விஷயம். மடிப்பு விழும் கோடுகளில் நூல் தேய்ந்து வெளிறியிருக்கும். தையல் நூல் வெயிலில் மக்கினால் நகத்தால் லேசாகக் கீறினாலே பிரியும். பின் கண்ணாடி துணியோடு ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த ஒட்டு ஒரு மூலையில் விட்டால் சைக்கிள் கடைச் சொல்யூஷனால் ஒட்டியிருப்பார்கள், மஞ்சள் கறை காட்டிக்கொடுக்கும். கூரை முழுதும் மாற்றுவதென்றால் துணி வரவழைப்பு, அதைத் தெரிந்து மாட்டும் ஆள் இரண்டும் தேவை. சீட் கவர் தைப்பவர் செய்யும் வேலையல்ல.

தண்ணீர்ச் சோதனை இரண்டு வகைக்கும் பொது. வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், செடிக்கு ஊற்றும் ஹோஸ் போதும். முன் கண்ணாடியின் மேல் விளிம்பு, கதவுக் கண்ணாடியின் மேல் மூலைகள், பின் கண்ணாடியின் அடி ஆகிய இடங்களில் பத்து நிமிடம் விடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி, மிதியடியைத் தூக்கி, கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். மேலே உலர்ந்திருந்தாலும் அடியில் உள்ள ஸ்பாஞ்ச் மாதக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும், முகர்ந்தாலே தெரியும். கூரை மடிந்து உட்காரும் பள்ளத்திலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய்களில் சருகும் தூசியும் அடைப்பதுதான் பாதிக் கசிவுகளுக்குக் காரணம். அது ஐந்து பைசா செலவில்லாத வேலை. சீட்டுக்கு அடியில் ஓடும் வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அது வேறு கதை, எழுந்து வந்துவிடுங்கள்.

கூபேயிலும் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மூன்று வண்டிக்குமே கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. கைப்பிடியை மெதுவாக இழுத்துக் கண்ணாடியை மட்டும் கவனியுங்கள். கதவு விலகுமுன் கண்ணாடி ஒரு சென்டிமீட்டர் அளவு கீழே இறங்க வேண்டும், கதவை மூடியதும் ஏறிப் பீடிங்குக்குள் செருகிக்கொள்ள வேண்டும். இறங்காமல் உரசிக்கொண்டு திறந்தால் கதவு லாக்கின் சுவிட்ச் அல்லது கண்ணாடி ரெகுலேட்டர் போயிருக்கிறது. அப்படியே ஓட்டினால் பீடிங் கிழியும், பீடிங்தான் கிடைக்காத பொருள். ஒரு தாள் துண்டைப் பீடிங்கில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கத்தில் வர வேண்டும்.

டிடியின் பாடியைப் பற்றி ஒரு வார்த்தை. எடையில் 69 விழுக்காடு அலுமினியம், மீதி இரும்பு. முன் ஃபெண்டரில் காந்தம் ஒட்டவில்லை என்று பட்டி பூசியதாக நினைத்துவிடாதீர்கள், அங்கே இரும்பே இல்லை. பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டரும் அலுமினியத்துக்கு வேலை செய்வதாக இருக்க வேண்டும். முன்பக்கம் பலமாக அடிபட்டு லோக்கல் டிங்கரிங் பட்டறையில் வெல்டிங் வைத்த டிடியை வாங்கக் கூடாது. பின் ஸ்பாய்லர் 120 கி.மீ. வேகத்தில் தானாக எழும். அவ்வளவு வேகம் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, உள்ளே அதற்கு பட்டன் இருக்கிறது.

இந்த ஊர் வெயில், இந்த ஊர் ரோடு

கூரையைத் திறந்து ஓட்டும் சுகம் இங்கே எத்தனை நாள் கிடைக்கும் என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை மட்டுமல்ல, மற்ற மாதங்களிலும் காலையும் மாலையும் திறக்கலாம். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் கீழே இறங்கிய பூமி. சித்திரை, வைகாசியில் பகலில் கூரையைத் திறந்தால் தலையில் அடுப்பு வைத்த மாதிரிதான். தர்மபுரிக்காரருக்குக் கன்வெர்ட்டிபிள் வருடத்தில் பெரும்பகுதி மூடியே ஓடும் கூபேதான். மூடியே ஓட்டுவதற்கு உலோகக் கூரை நல்லது, துணியைவிடச் சத்தமும் சூடும் குறைவு.

என்.ஹெச். 44-ல் கிரானைட் கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் முன் கண்ணாடிக்கு விலை கொடுக்க வேண்டிவரும். கண்ணாடிக்கு இன்சூரன்ஸில் தேய்மானம் பிடிக்கமாட்டார்கள் என்பது ஆறுதல். ரப்பர், பிளாஸ்டிக்குக்கு 50 விழுக்காடு பிடிப்பார்கள், இந்த வயது வண்டிக்குத் தேய்மானமே பிடிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி கிடைப்பதும் அரிது. ஹைட்ராலிக் பம்ப் தானாகக் கெட்டால் இன்சூரன்ஸ் ஒரு ரூபாய்கூடத் தராது, அது விபத்தல்ல. மூன்றுமே 1500 சி.சி.க்கு மேல் என்பதால், 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதப்படி தேர்டு பார்ட்டி பிரீமியம் மட்டும் வருடத்துக்கு 7,897 ரூபாய்.

கிரானைட் தூசி துணிக்கூரையின் இழைக்குள் உட்கார்ந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் அறுக்கும். மென்மையான பிரஷால் உலர்வாகத் தட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாந்தோப்பு நிழல் இதமாக இருக்கும், ஆனால் மாம்பால் பட்ட இடம் பெயின்டிலும் துணியிலும் நிரந்தரக் கறை. தோட்டத்து வீட்டில் நெல்லோ நிலக்கடலையோ அடுக்கிய ஷெட்டில் நிறுத்துகிறவருக்கு எலி பெரிய எதிரி. என்ஜின் வயரைக் கடிப்பது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். கேப்ரியோலேயில் மடித்துவைத்த கூரைக்குள் கூடு கட்டினால் உள்துணியோடு போகும். நிறுத்தும்போது கூரையை மூடியே வையுங்கள். பீடிங்குக்கு வருடம் இரண்டு முறை ரப்பருக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினால் வெடிக்காது. வாசலினும் தேங்காய் எண்ணெயும் தடவினால் ரப்பர் ஊதிப்போகும்.

மூன்றுமே தாழ்ந்த வண்டிகள். கிராமத்து ஸ்பீட் பிரேக்கரைக் குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்ற வேண்டும். அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் அடிக்கடி போகிறவருக்கு டயர் பக்கச்சுவர் வெட்டுப்படும் அபாயம் உண்டு. எஸ்.எல்.கே.யில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது, பஞ்சர் கிட் மட்டும்தான். 18 இன்ச் வீல் போட்ட எஸ்.எல்.கே. 350-ல் முன் டயர் 225/40, பின் டயர் 245/35, முன்பின் மாற்றிப் போடவும் முடியாது. டிடியில் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும், இரண்டு புதிது இரண்டு பழையது என்றால் ஹால்டெக்ஸ் ஓயாமல் வேலை செய்து தேயும். டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள்: 3519 என்றால் 2019-ன் 35-வது வாரம். குறைவாக ஓடிய வண்டிகளில் பட்டை நிறைய இருக்கும், ரப்பர் செத்திருக்கும். ஆறு வயதைத் தாண்டியிருந்தால் நான்கும் புதிது என்று கணக்கில் சேருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது எங்கே

பெங்களூரு அபார்ட்மென்டைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓட்டுவது ஓட்டிப் பார்ப்பது ஆகாது. ஓனரையும் ஏற்றிக்கொண்டு ஓசூர், சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் இறங்கி, திரும்பி ஏறுங்கள். பெட்ரோல் உங்கள் செலவு. இறக்கத்தில் கியரை மேனுவலில் போட்டு மூன்றாவதில் பிடியுங்கள், பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் ஏ.சி.யை முழுதாக வைத்து என்ஜின் சூட்டைக் கவனியுங்கள். முள் நடுவிலிருந்து நகர்ந்தால் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றில் ஒன்று. ஏ3-யை ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு ஊர்ந்து கிளப்புங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வண்டி நடுங்கினால் கிளட்ச் முடிந்தது. வண்டி தர்மபுரிப் பக்கமே இருந்தால் இதே வேலைக்குத் தொப்பூர் கணவாய் போதும், ஆனால் அங்கே லாரிகள் நடுவே சோதனை செய்யும்போது நிதானம் வேண்டும்.

திரும்பி வந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர்களைப் படிக்கும் ஸ்கேனர். ஆடிக்கு வி.சி.டி.எஸ்., பென்ஸுக்கு எக்ஸென்ட்ரி. இருநூறு ரூபாய் புளூடூத் டாங்கிள் என்ஜினை மட்டும் படிக்கும், கூரை கன்ட்ரோல் யூனிட்டைப் படிக்காது. முந்தைய நாள்தான் எல்லாப் பிழைக் குறியீடுகளையும் அழித்திருந்தால் அதுவும் ஒரு தகவல்.

யாருக்கு எது

மூடிய ஷெட் இல்லாதவர், வீட்டு வாசலில் வெயிலில் நிறுத்துகிறவர் டிடி கூபேயை எடுங்கள். செயின் வேலை முடிந்த, முன்பக்கம் அடிபடாத 2.0 குவாட்ரோ. சாமானும் கொள்ளும், மழைக்கும் பயமில்லை. ஷெட் இருக்கிறது, வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, வாரம் ஒருமுறை கிருஷ்ணகிரி முதல் ஓசூர் வரை ஓட்டத்தான் என்றால் ஆர்172 எஸ்.எல்.கே. 350. மூன்றில் இதற்குத்தான் எங்கள் ஓட்டு. குழந்தைகளையும் ஏற்ற வேண்டும், ஓசூர்ப் பக்கக் குளிர்ந்த மாலைகள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்பவருக்கு மட்டும் ஏ3 கேப்ரியோலே, அதுவும் கிளட்ச் புதிதாக மாற்றியது. எதுவானாலும் பேசி முடித்த விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர் இந்த ஆசையைத் தள்ளிப்போடுவது நல்லது. முதல் வருடத்திலேயே அந்தப் பணம் தேவைப்படும்.

காகிதம்

கே.ஏ. நம்பர் வண்டியை அப்படியே வைத்து ஓட்டலாம் என்று புரோக்கர் சொல்வார். மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநில எண் பெற வேண்டும். கர்நாடகத்தில் ஃபார்ம் 28 கொடுத்து என்.ஓ.சி., லோன் இருந்திருந்தால் ஃபார்ம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30, இங்கே புது எண்ணுக்கு ஃபார்ம் 27. கிருஷ்ணகிரி டி.என். 24, தர்மபுரி 29, ஓசூர் 70. ஆயுள் வரியை வண்டியின் அசல் விலையையும் வயதையும் வைத்துப் போடுவார்கள். நீங்கள் கொடுத்த விலையை அல்ல, நாற்பது ஐம்பது லட்சம் என்ற பழைய விலையை அடிப்படையாக வைப்பார்கள் என்பதால் தொகை திடுக்கிட வைக்கும். அட்வான்ஸுக்கு முன்பே ஆர்.சி. நகலை எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கர்நாடகத்தில் மீதிக் காலத்து வரியைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு, அது யாருக்குப் போகும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பி.ஒய். நம்பர் வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம். வரியை மிச்சப்படுத்தவே புதுச்சேரியில் பதிவு செய்த சொகுசு வண்டிகள் நிறைய.

2011-ல் பதிவான எஸ்.எல்.கே.க்கு 2026-ல் பதினைந்து வயது. எஃப்.சி. பார்த்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் உயர்த்திய கட்டணப்படி சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி வண்டி என்று ஆர்.சி.யில் இருந்தால் 40,000. எஸ்.எல்.கே.யும் கேப்ரியோலேயும் முழுதாகக் கட்டி இறக்குமதியானவை, ஆகவே அந்தக் குறிப்பை ஆர்.சி.யில் தேடிப் பாருங்கள். புதுப்பிக்க ஆறு மாதமே இருக்கும் வண்டியென்றால் இந்தக் கட்டணமும் எஃப்.சி.க்காக மாற்ற வேண்டிய டயரும் விற்பவர் கணக்கில் போக வேண்டியவை. பேரம் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.